தேடினால் கிடைக்காத கடைகள்

2020 ஏப்ரலில் கொவிட்-19 முடக்கத்தால் லிட்டில் இந்தியாவின் பல கடைகள் கதவடைத்தன. அமேசான், லஸாடா, கியூடென், ஷாப்பி தளங்களில் சேரும் வணிகர்களின் தகுதிபெற்ற செலவில் 90 விழுக்காட்டை ஏற்க எண்டர்பிரைஸ் சிங்கப்பூர் முன்வந்தது. ஆனால், அங்கெல்லாம் கடைக்காரர் வாடகைக்கு இருப்பவர்தான். 2024 செப்டம்பரில், வணிகர்களுக்குப் பணம் போய்ச்சேரத் தாமதமானதை அடுத்து, கியூடெனின் கட்டணச் சேவைகளை நிறுத்திவைக்கச் சிங்கப்பூர் நாணய ஆணையம் உத்தரவிட்டது.

சொந்த இணையத்தளம் வைத்திருப்பவருக்கு வேறு தலைவலி. தேடினால் கடை வருவதில்லை. கூகல் ஒரு பக்கத்தைப் படித்துத் தன் அட்டவணையில் சேர்த்தால்தான் அது தேடலில் தென்படும். பல நேரம் தடை கடைக்குள்ளேயே இருக்கும். தளத்தை வடிவமைத்தபோது போட்ட ‘நோஇண்டெக்ஸ்’ கட்டளையை எடுக்க மறந்திருப்பார்கள். பொருளின் பெயரும் விலையும் எழுத்தாக இல்லாமல் படத்துக்குள் கிடக்கும்.

கூகலின் ‘சர்ச் கன்சோல்’ இலவசம். பக்கங்களின் பட்டியலான சைட்மேப்பை அதில் கொடுத்தால் எது சேர்ந்தது, எது ஏன் சேரவில்லை என்று காட்டும். சேர்ந்தே தீரும் என்ற உறுதி இல்லை. பணம் வாங்கிக்கொண்டும் கூகல் சேர்ப்பதில்லை. சேர்த்துத் தருவதாக உத்தரவாதம் சொல்லிக் கட்டணம் கேட்பவரிடம் கவனம் தேவை.

சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம் என்கிறது அந்நிறுவனம். தீபாவளிக்கு முந்திய வாரம் ஏற்றும் முறுக்கு, அதிரசப் பக்கம் பண்டிகை முடிந்தபிறகே தேடலில் தலைகாட்டக்கூடும்.