பழம் புடவையை வெட்டாதீர்கள்!

அம்மா தவறி ஒரு வருஷமாகிறது. டிரங்குப் பெட்டியைத் திறந்தால் ஆறு நூல் புடவைகள். யாருக்கும் கட்டக் கொடுக்க முடியாதபடி நைந்து போனவை. "பாத்திரக்காரியிடம் போட்டால் ஒரு எவர்சில்வர் டப்பாவாவது தேறும்" என்றாள் அக்கா. எனக்கு மனசு வரவில்லை.

துண்டுத் துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி இணைத்துப் போர்வை தைப்பது எனக்குப் பல வருஷப் பொழுதுபோக்கு. அம்மா புடவையிலும் அப்படியே செய்யலாமென்று கத்தரியை எடுத்தேன். முந்தானையைப் பிடித்ததும் கை ஓடவில்லை.

வழி காட்டியது கீழ்வீட்டு வங்காளத்துப் பெண்தான். அவள் கைக்குழந்தையைக் கிடத்தியிருந்த விரிப்பு, அவள் மாமியார் பழம் புடவையில் தைத்த 'காந்தா'!

வங்காளத்துக் கிராமப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் கைவேலை இது. பழைய புடவை, வேட்டிகளை அடுக்கி, நெடுக ஓட்டுத் தையல் போடுவார்கள். முன்பெல்லாம் நூல்கூட விலைக்கு வாங்கமாட்டார்கள். புடவைக் கரையிலிருந்து உருவிக்கொள்வார்கள். நடுவில் தாமரை, மூலைக்கொரு மரம், இடையில் மீன், யானை, படகு என்று மனம்போல் கோலம். நெருக்கமான தையலால் நைந்த துணியும் பலப்படுகிறது. மானதாசுந்தரி என்ற பெண் தன் தகப்பனாருக்காகத் தைத்த காந்தா, கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில், குருசதய் அருங்காட்சியகத் தொகுப்பில் இருக்கிறது. அதில் தன் பெயரையும் நூலாலேயே எழுதி வைத்தாள் அந்த மகராசி!

நான் செய்ததைச் சொல்கிறேன். ஐந்தரை மீட்டர் புடவையை வெட்டாமல் மூன்றாக மடித்தால் 3 அடுக்கு. சுமார் 6 அடி நீளம், 45 அங்குல அகலம். நைந்த பாகம் நடு அடுக்கில் வரட்டும். முதலில் கஞ்சி போகத் துவைத்து உலர்த்துங்கள். ஈரத் துணியால் தேய்த்துப் பார்த்து, சாயம் ஒட்டினால் அந்தப் புடவை வேண்டாம். தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, ஓரங்களில் கனமான புத்தகங்களை வையுங்கள். சாண் இடைவெளியில் பெரிய தையலாகப் போட்டு அடுக்குகளை நிறுத்திய பிறகு, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தையுங்கள். முடிச்சு அடுக்குக்குள் மறையட்டும்.

ரொம்பக் கிழிந்த ஒரு புடவையின் கரையிலிருந்து நூல் உருவினேன். ஒற்றை இழை அறுந்தது; மூன்று இழை சேர்த்ததும் நின்றது. நடுவில் தாமரைக்குப் பதில், அம்மா வெள்ளிக்கிழமைதோறும் போடும் நெளிக் கோலம். மத்தியானம் அரை மணி வீதம் மூன்று மாதம் பிடித்தது.

போன வாரம் அக்கா வந்தாள். போர்வையைத் தடவிப் பார்த்தவள், "இது என் சீமந்தத்துக்கு அம்மா கட்டினதுடி" என்று சொல்லி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கிளம்பும்போது, "எனக்கும் ஒன்று தைத்துத் தாயேன்" என்றாள்.

பெட்டியில் இன்னும் நாலு புடவை இருக்கிறது. பாத்திரக்காரி வந்தால் இல்லையென்று சொல்லிவிடுகிறேன்.