மாவாட்டுவது யார்?

"என்ன இருந்தாலும் அம்மியிலே அரைத்த சட்னி மாதிரி வருமா!"

இப்படிச் சொல்லாத ஆண்பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை. கல்யாணப் பந்தியில் சொல்லுகிறார்கள். ரெயில் பயணத்தில் சொல்லுகிறார்கள். வீட்டில், மனைவி சட்னியைப் பரிமாறிவிட்டுப் பக்கத்தில் நிற்கும்போதே சொல்லுகிறார்கள்.

சொல்லுகிறவர் ஒரு நாளாவது அம்மியின் முன்னே உட்கார்ந்து அரைத்திருப்பாரா? கேட்டுப் பாருங்கள். பேச்சை மாற்றிவிடுவார்.

விஞ்ஞானத்தால் மனித வாழ்வு சிறந்ததா, சீர்கெட்டதா என்று பட்டிமன்றம் நடக்காத ஊர் இல்லை. அங்கே ராக்கெட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். செல்போனைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகப் போவதில்லை. நம் வீட்டு அடுப்பங்கரை வரைதான் போகப் போகிறேன். அங்கே இருக்கும் மிக்ஸியும் கிரைண்டரும் போதும்.

முதலில் ருசி வழக்கைத் தீர்த்துவிடுவோம்.

ருசிக்காரர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அம்மியில் குழவி தேங்காயை நசுக்குகிறது. மிக்ஸியில் பிளேடு வெட்டுகிறது. வேகமாகச் சுற்றுவதால் சூடும் ஏறுகிறது. நசுக்கியதற்கும் வெட்டியதற்கும் ருசி வேறுதான். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த ருசிக்கு விலை கொடுத்தது யார்?

இடுப்பு ஒடிந்த காலம்

இன்றைய பிள்ளைகள் பலர் ஆட்டுக்கல்லைப் பார்த்திருக்கமாட்டார்கள். பார்த்திருந்தாலும், கொல்லைப்புறத்தில் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடக்கும் ஒரு கல்லாகத்தான் பார்த்திருப்பார்கள்.

பெரிய கருங்கல். நடுவே குழி. குழிக்குள் நிற்கும் குழவி. ஒரு கை குழவியைச் சுற்றவேண்டும். மறு கை மாவை உள்ளே தள்ளவேண்டும். கொஞ்சம் கவனம் தப்பினால் விரல் நசுங்கிவிடும்!

உளுந்துக்குத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஆட்டவேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் மாவு பொங்காது. மறுநாள் இட்லி கல்லாகிவிடும். அப்புறம் மாமியார் வாயில் விழவேண்டும். உளுந்து முடிந்ததும் அரிசி. குடும்பம் முழுவதற்கும் ஆட்டி எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கூட்டுக் குடும்பமானால் கேட்கவே வேண்டாம்.

உடம்பு சரியில்லையா? ஆட்டத்தான் வேண்டும். ஏழு மாதமா? "குனிந்து நிமிர்ந்து வேலை செய்தால் சுகப்பிரசவம் ஆகும்" என்று சொல்லி உட்கார வைத்துவிடுவார்கள்!

இது மாவுக்கு மட்டும். நெல்லைக் குத்த உரலும் உலக்கையும் உண்டு. உமியைப் புடைக்க முறம் உண்டு. பருப்பை உடைக்கத் திருகை உண்டு. குழம்புக்கு மிளகாய் அரைக்க அம்மி உண்டு. அரைத்து முடித்த கை ராத்திரி முழுவதும் எரியும். அந்தக் கையாலேயே குழந்தையைத் தூக்கவேண்டும்.

பழைய கல்லுக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள் இதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

கோவை கொடுத்த வரம்

1930-களில் நீலகிரி மலையில் பைக்காரா மின்சாரம் பிறந்தது. அது மலையிலிருந்து இறங்கிக் கோவைக்கு வந்தது. பஞ்சாலைகள் பெருகின. ஆலை இருந்தால் பட்டறை வரும். பட்டறை இருந்தால் மோட்டார் வரும். 1937-லேயே ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் பீளமேட்டில் மின்சார மோட்டார் செய்துவிட்டார்கள்.

கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மோட்டார், கல்லைச் சுற்றாதா? சுற்றும்! 1950-களில் கோவைப் பட்டறைகளில் கிரைண்டர் பிறந்தது. கல் கல்லாகவே இருந்தது. சுற்றுகிற கைதான் மாறியது. பழைய ஆட்டுக்கல்லில் குழவி சுற்றும், கல் நிற்கும். கிரைண்டரில் கல் சுற்றும், குழவி ஓரிடத்தில் நிற்கும். அவ்வளவுதான் வித்தியாசம். இன்று கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது.

மிக்ஸியின் கதை இன்னும் வேடிக்கை.

பம்பாயில் மாதுரி மாத்தூர் என்ற அம்மையார் ஒரு ஜெர்மன் மிக்ஸியை வைத்திருந்தார். ஐரோப்பாவில் அது பழத்தையும் கிரீமையும் அடிப்பதற்காகச் செய்த இயந்திரம். நம் நாட்டுச் சமையலுக்கு ஈடுகொடுக்க முடியாமல் அதன் மோட்டார் எரிந்துபோய்விட்டது!

கணவர் சத்திய பிரகாஷ் மாத்தூர் ஒரு இன்ஜினீயர். "நம் ஊர்ச் சமையலுக்கு நாமே ஒன்று செய்தால் என்ன?" என்று இறங்கினார். 1963-ல் 'சுமீத்' மிக்ஸி பிறந்தது. மஞ்சளையும் அரைக்கிற மிக்ஸி!

அந்தக் கணவருக்கு ஒரு சபாஷ் போடலாம். மனைவியின் வேலையைப் பார்த்து யோசித்த புருஷர்கள் சரித்திரத்தில் அதிகம் இல்லை.

முதலில் வசதியுள்ள வீடுகளுக்குத்தான் மிக்ஸி போனது. பிறகு மாதத் தவணையில் நடுத்தர வீட்டுக்கு வந்தது. 2011-ல் தமிழக அரசு ரேஷன் கார்டுக்கு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி என்று இலவசமாகவே கொடுக்கத் தொடங்கியது. குடிசையிலும் கிரைண்டர் சுற்றியது.

சுற்றியது என்றா சொன்னேன்? மின்சாரம் இருந்தபோது சுற்றியது! 2012-ல் வெளியூர்களில் பல மணி நேரம் மின்வெட்டு. எப்போது கரண்ட் வரும், எப்போது போகும் என்று மாவுக்கு நாள் நட்சத்திரம் பார்த்தார்கள். பாதி மாவில் கல் நின்றுபோகும். அம்மியைத் தூக்கிப் போட்டவர்கள் பக்கத்து வீட்டு அம்மிக்கு நடந்தார்கள். அன்றைக்கு மட்டும் ருசிக்காரர்களுக்கு நல்ல சட்னி கிடைத்திருக்கும்.

நஷ்டம் யாருக்கு?

இயந்திரத்தால் நஷ்டமே இல்லை என்று சொல்லமாட்டேன்.

"அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ!" என்று தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு ஒருவர் வருவார். தோளில் ஒரு பை. பைக்குள் உளியும் சுத்தியும். தேய்ந்த கல்லில் புள்ளி புள்ளியாகக் கொத்திக்கொடுப்பார். இன்று அந்தக் குரல் அநேகமாக ஓய்ந்துவிட்டது. அவர் பிழைப்பு போயிற்று.

கூலிக்கு நெல் குத்திப் பிள்ளைகளைக் காப்பாற்றிய பெண்கள் இருந்தார்கள். ரைஸ்மில் வந்ததும் அவர்கள் உலக்கையைச் சாத்தி வைத்தார்கள். இன்னொரு பக்கம், ஒரு பெரிய கிரைண்டரை வாங்கி வைத்து, தெருவுக்கே மாவு விற்று மகளைக் காலேஜில் படிக்க வைக்கிற பெண்ணையும் நாம் பார்க்கிறோம். ஒரு கை எடுத்தது, ஒரு கை கொடுத்தது. எடுத்ததும் கொடுத்ததும் ஒரே ஆளுக்கு அல்ல என்பதுதான் வருத்தம்.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. அதை யாரும் பேசுவதில்லை.

துணை போனது

ஆட்டுக்கல்லில் பெரும்பாலும் ஒருத்தி தனியாக உட்காரமாட்டாள். ஒருத்தி குழவியைச் சுற்றினால் இன்னொருத்தி மாவைத் தள்ளிக்கொடுப்பாள். நாத்தனாரோ, ஓரகத்தியோ, பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளோ யாராவது ஒருவர் எதிரே இருப்பார். நெல் குத்தும்போதும் அப்படித்தான். ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றிக் குத்துவார்கள். உலக்கைத் தாளத்துக்குப் பாட்டும் உண்டு. அதற்கு வள்ளைப் பாட்டு என்று பெயர். சிலப்பதிகாரத்திலேயே அது இருக்கிறது!

வீட்டு ரகசியம் எல்லாம் அங்கேதான் பேசப்படும். புருஷன் அடித்ததை அங்கேதான் சொல்லி அழுவாள். மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைப் பற்றி அங்கேதான் யோசனை நடக்கும். மாமியார்மீது புகாரும் அங்கேதான். மாமியாரே எதிரே உட்கார்ந்திருந்தால் புகார் மறுநாளைக்குத் தள்ளிவைக்கப்படும்!

இப்போது ஸ்விட்சைப் போட்டால் போதும். இரண்டு பேர் வேண்டாம். ஒருத்தி போதும். கிரைண்டர் இரைச்சலில் பேசவும் முடியாது. பேச ஆளும் இல்லை. அவள் செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்து சீரியல் பார்க்கிறாள். "எப்போது பார்த்தாலும் செல்போன்தானா?" என்று கூடத்திலிருந்து ஒரு குரல் வருகிறது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் கையிலும் ஒரு செல்போன் இருக்கும்.

இயந்திரம் பாரத்தை எடுத்தது. கூட நின்ற ஆளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது.

ஆண்பிள்ளைகளையும் அது விட்டுவைக்கவில்லை. விறகு பிளப்பது யார் வேலை? ஆண் வேலை. கேஸ் அடுப்பு வந்தது; கோடரி மூலைக்குப் போயிற்று. ரைஸ்மில்லுக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவது யார்? ஆண்தான். கடையில் அரிசி மூட்டையாகவே கிடைத்தது. அந்த வேலையும் போயிற்று. அடுப்பின் முன்னே நிற்கிற வேலை மட்டும் அப்படியே இருந்தது. அது யார் வேலை என்று சொல்லவேண்டியதில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டும் அல்ல. ரூத் ஸ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க சரித்திர ஆசிரியை 1983-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அங்கேயும் விறகு பிளக்கிற வேலை போயிற்று, அடுப்பு வேலை போகவில்லை. முன்பு ஜமக்காளத்தை வெளியே தூக்கிப்போய் அடித்துத் தூசி தட்டுவதற்குப் புருஷனும் பிள்ளைகளும் கை கொடுத்தார்கள். தூசி உறிஞ்சும் இயந்திரம் வந்ததும் அம்மா ஒருத்தியே செய்தாள். அதுவும் அடிக்கடி செய்தாள்! இயந்திரத்தால் வீட்டில் மற்றவர்கள் வேலை குறைந்தது, அம்மாவின் வேலை குறையவில்லை என்பது அந்த அம்மையாரின் முடிவு.

நம் இட்லியைப் பாருங்கள். ஒரு காலத்தில் கிராமத்து ஏழை வீடுகளில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் இட்லி. மற்ற நாளில் பழையதும் கூழும். இன்று தினம் இட்லி, தினம் தோசை. நல்லதுதான். ஏழைப் பிள்ளையும் காலையில் சூடாகச் சாப்பிடட்டும். ஆனால் வருஷத்துக்கு இரண்டு முறை ஆட்டிய மாவை இப்போது வாரத்துக்கு இரண்டு முறை ஆட்டவேண்டும். "கிரைண்டர்தானே ஆட்டுகிறது, உனக்கு என்ன கஷ்டம்?" என்ற கேள்வி வேறு. சட்னி ஒன்று போதாது. சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று, வெள்ளை ஒன்று வேண்டும். மிக்ஸிதான் இருக்கிறதே!

அரசாங்கமே எடுத்த கணக்கு

கதையை விடுங்கள். கணக்கைப் பாருங்கள்.

மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று மத்திய அரசு 2019-ல் நாடு முழுவதும் கணக்கு எடுத்தது. சமையல், துணி துவைத்தல், வீடு கூட்டுதல் என்று சம்பளம் இல்லாத வீட்டு வேலை செய்த பெண்கள், அதற்கு நாள் ஒன்றுக்குச் செலவழித்தது சராசரி 299 நிமிஷம். ஏறக்குறைய ஐந்து மணி நேரம்!

ஆண்கள்? 97 நிமிஷம். அதுவும் வீட்டு வேலை செய்த ஆண்களின் கணக்கு மட்டும். செய்தவர்களே நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களில் நூற்றுக்கு 81 பேர்.

ஐந்து வருஷம் கழித்து 2024-ல் மறுபடியும் கணக்கு எடுத்தார்கள். பெண்களுக்கு 289 நிமிஷம். பத்து நிமிஷம் குறைந்திருக்கிறது. பரவாயில்லை என்று சந்தோஷப்படுவதற்குள் பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தேன். ஆண்களுக்கு 88 நிமிஷம். அவர்களுக்கும் ஒன்பது நிமிஷம் குறைந்துவிட்டது!

ஆகவே, மிக்ஸியையும் கிரைண்டரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை நான் ஏற்கமாட்டேன். அவை இல்லாத காலத்துக்குத் திரும்பச் சொல்கிறவர், முதலில் தாம் ஒரு வாரம் ஆட்டுக்கல்லில் உட்கார்ந்துவிட்டுப் பேசட்டும். என் வழக்கு வேறு. பெண் மட்டுமே ஆட்டவேண்டும் என்பதற்கு அந்தக் காலத்தில் கல் கனம் என்றோ, மாவுப் பதம் ஆண்களுக்குத் தெரியாது என்றோ ஏதோ ஒரு சாக்கு சொன்னார்கள். இப்போது என்ன சாக்கு? ஸ்விட்ச் போடுவதற்குப் பதம் வேண்டாமே! மீசை வைத்த விரல் அழுத்தினால் அது ஓடாது என்று எந்தக் கம்பெனியும் எழுதி ஒட்டவில்லை.

நம் கல்யாணத்தில் ஒரு சடங்கு உண்டு. மாப்பிள்ளை குனிந்து பெண்ணின் காலைப் பிடித்து அம்மிமேல் வைப்பார். வீட்டில் அம்மி இல்லாததால், மண்டபத்துக்காரர்களே ஒன்றை எடுத்து வைத்திருக்கிறார்கள். பல ஆண்பிள்ளைகளின் கை அம்மிக்குப் பக்கத்தில் போவது அந்த ஒரு நாள்தான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கிரைண்டர் தானே அரைக்கும். தானே கழுவிக்கொள்ளாது. மாவை வழிக்கவேண்டும். குழவிக் கல்லைக் கழற்றவேண்டும். இடுக்கில் ஒட்டிய மாவு காய்வதற்குள் கழுவவேண்டும். ஈரக் கல் கையில் வழுக்கும். காலில் விழுந்தால் எலும்பு போகும். பாதி வேலை அங்கேதான் இருக்கிறது. மாவாட்டியவளைக் கேளுங்கள், சொல்லுவாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை இட்லிக்கு இன்றுதான் மாவாட்டுவார்கள். ஐயா, நீங்கள் இதை வாசித்துக்கொண்டிருக்கும்போது சமையலறையில் கிரைண்டர் சத்தம் கேட்கிறதா? இன்னும் பத்து நிமிஷத்தில் நின்றுவிடும். கல்லைத் தூக்க ஒரு ஆள் வேண்டியிருக்கும்.