கிழங்குக்குத் தெரியாத எல்லை

சேலத்துக்காரருக்கு அது குச்சிக்கிழங்கு. நெல்லையில் ஏழிலைக்கிழங்கு. கோட்டயத்தில் கப்பை. ஆனால் பாறசாலைச் சந்தையிலும் சரி, எல்லை தாண்டியதும் வரும் களியக்காவிளையிலும் சரி, ஒரே பெயர்தான்: மரச்சீனி. 1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கு வந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கிழங்கின் பெயரை மட்டும் யாரும் பங்கு போடவில்லை.

தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்த விருந்தாளியை ஊரெங்கும் பரப்பியவர், 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. இரண்டாம் உலகப் போரின்போது பர்மா அரிசி நின்றுபோக, ஏழைகளின் அடுப்பில் வெந்தது மரச்சீனிதான். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்திலுள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 1977இல் வெளியிட்ட ஒரு ரகத்துக்கு ‘ஸ்ரீவிசாகம்’ என்றே பெயர் சூட்டியது.

மரச்சீனி இருப்பதாலேயே மற்ற கிழங்குகள் கண்ணில் படுவதில்லை. சேனை, சேம்பு, கொடியில் படர்ந்து மண்ணுக்குள் பெருக்கும் காச்சில், கைக்குழந்தையின் கஞ்சிக்கு மாவு தரும் கூவை, தோல் சுரண்டியே விரல் கறுத்துப்போகும் சிறுகிழங்கு. மார்கழியில் குவியல் உயரும். கேரளத்தில் திருவாதிரைப் புழுக்கு, நாஞ்சில் நாட்டிலும் நெல்லையிலும் பொங்கல் கறி. இரண்டுக்கும் கிழங்கு வேண்டும்.

சிக்கல் விதையில் இருக்கிறது. நெல்லைப்போல இவற்றைக் குதிரில் போட்டுப் பல காலம் வைத்திருக்க முடியாது. கிழங்கில் ஒரு துண்டு, அல்லது தண்டில் ஒரு முழம் மறுபடி மண்ணுக்குள் போக வேண்டும். ஓரிரு பருவம் நடாமல் விட்டால் அந்த ரகம் அந்த வீட்டில் முடிந்தது. மரச்சீனி விளைந்த மேட்டு நிலங்கள் பலவற்றில் ரப்பர் ஏறிவிட்டது. மலையோரத்தில் காட்டுப்பன்றி ஒரே இரவில் தோட்டத்தைக் கிளறிவிடுகிறது. தொல்லை தரும் பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை 2022இல் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்கே கொடுத்தது. போதாக்குறைக்கு, ஆந்திரத்திலிருந்து நாக்கு அரிக்காத ‘கஜேந்திரா’ சேனை வந்திருக்கிறது. நல்ல கிழங்குதான். ஆனால் அதற்குப் பிறகு அரிக்கும் நாட்டுச் சேனையை யார் கேட்டு வாங்குவார்?

ஸ்ரீகாரியத்தில் பழைய ரகங்களைச் சேர்த்துக் காக்கிறார்கள். அங்கும் வயலில் நட்டு, தோண்டி, மறுபடி நட வேண்டியதுதான்.