உறைந்து நிற்கும் படமும் பாடபேதமும்

2004ஆம் ஆண்டு மயிலாப்பூரில் நடந்த ஒரு கூட்டத்தில் என் ஆசிரியர் புறநானூறு பற்றி ஒன்றரை மணிநேரம் பேசினார். அன்பர் ஒருவர் அதை ஒளிப்பதிவு செய்து இரண்டு விசிடிக்களாகக் கொடுத்தார். ஆசிரியர் இன்று இல்லை. அவருடைய அந்தப் பேச்சுக்கு வேறு பிரதியும் இல்லை. அண்மையில் முதல் தகட்டை வீட்டுக் கணினியில் இட்டுப் பார்த்தபோது இருபத்து மூன்றாவது நிமிடத்தில் படம் உறைந்துவிட்டது. ஏதோ சொல்ல வந்து உயர்த்திய கை அப்படியே நின்றது.

"நெட் ஸ்லோவா இருக்கும் மாமா" என்றான் மருமகன். தகட்டில் உள்ள படத்துக்கும் இணையத்துக்கும் தொடர்பில்லை என்பதை அவனுக்கு விளக்க வேண்டியிருந்தது. பழுதுபார்க்க வந்தவரோ, "எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸைப் புதுசாப் போட்டுடலாம் சார்" என்றார். நம் ஊரில் கணினிக்கு வரும் எல்லா நோய்க்கும் இந்த ஒரே மருந்துதான். நோய் இன்னதென்று தெரியுமுன் கொடுக்கப்படும் இந்த மருந்தால் எத்தனை வீடுகளில் கடிதங்களும் புகைப்படங்களும் கட்டுரைகளும் அழிந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு நல்ல முறை ஏற்கெனவே கைவசம் உண்டு என்பது என் கருத்து. உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது பல ஏடுகளை ஒப்பிட்டார். ஒரு சொல் ஓர் ஏட்டில் மட்டும் சிதைந்திருந்தால் குற்றம் அந்த ஏட்டினுடையது. எல்லா ஏடுகளிலும் ஒரே இடத்தில் சிதைந்திருந்தால் மூலப்பிரதியிலேயே சிதைவு நேர்ந்திருக்கலாம். உறைந்த படத்திடமும் இதே கேள்வியைக் கேட்கலாம். ஒவ்வொரு முறையும் அதே நொடியில் நிற்கிறதா? அப்படியானால் பிழை பெரும்பாலும் தகட்டிலோ கோப்பிலோ இருக்கிறது. நிற்கும் இடம் மாறிக்கொண்டே இருந்தால் கணினியைச் சந்தேகிக்க வேண்டும். இருபது நிமிடம் ஓடிய பிறகே தொல்லை தொடங்குகிறது என்றால் விசிறியில் படிந்த தூசியையும் சென்னையின் சித்திரை வெயிலையும் நினைத்துக்கொள்ளலாம். சூடேறிய செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஒலி தொடர்ந்து படம் மட்டும் நின்றால், படத்தை விரித்துக் காட்டும் மென்பொருளிலோ வரைகலை அட்டையின் டிரைவரிலோ கோளாறு இருக்கலாம். இரண்டும் ஒருசேர நின்றால் தரவு வந்து சேரவில்லை என்று கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும். நான்கை மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

என் தகடு ஒவ்வொரு முறையும் அதே நொடியில் நின்றது. காரணம் விசிடியின் அமைப்பிலேயே இருக்கிறது. சாதாரணத் தரவுத் தகட்டின் ஒரு செக்டரில் 2,048 பைட்டுகள் தரவுக்கும் மீதியில் பெரும்பகுதி பிழைதிருத்தத்துக்கும் ஒதுக்கப்படும். விசிடியின் படப்பகுதியில் 74 நிமிடப் படத்தை அடைக்க வேண்டியிருந்ததால் அந்தக் கூடுதல் பிழைதிருத்தத்தைக் கைவிட்டு 2,324 பைட்டுகளைத் தரவுக்கே கொடுத்துவிட்டார்கள். எனவே கீறல்களைச் சாதாரணத் தரவுத் தகட்டின் அளவுக்கு அது தாங்காது. மேலும், விசிடியில் ஒவ்வொரு சட்டகமும் முழுப்படமாக இராது. இடையிடையே சில முழுப்படங்களும், அவற்றுக்கிடையே நேர்ந்த மாற்றங்களின் குறிப்பும்தான் இருக்கும். ஒரு முழுப்படம் சிதைந்தால் அதைச் சார்ந்த குறிப்புகள் பொருளற்றுப் போகும். உறைந்த இடத்திலிருந்து சில நொடிகள் தாண்டி ஓட்டினால் அடுத்த முழுப்படத்தில் கதை மீண்டும் தொடங்கிவிடுவது இதனால்தான்.

இந்நிலையில் பலரும் செய்வது தகட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது. இது தவறு. முதலில் படி எடுக்க வேண்டும், பிறகுதான் பார்க்க வேண்டும். எம்பெகேவி என்ற அடைவில் இருக்கும் .டாட் கோப்பை வழக்கம்போல் நகலெடுத்தால் கீறல் விழுந்த இடத்தில் பிழை என்று சொல்லி விண்டோஸ் நிறுத்திக்கொள்ளும். ஐசோபஸ்டர் போன்ற மென்பொருள்கள் கெட்ட செக்டரைத் தாண்டி மற்றவற்றைப் படித்துத் தரும். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொரு டிரைவ் படிப்பதும் உண்டு; இதுவும் பாடபேதம்தான்.

எடுத்த கோப்பை ஓட்ட விஎல்சி போதும். பாரிஸ் கல்லூரி ஒன்றின் மாணவர்கள் 1996இல் தொடங்கிய இந்த மென்பொருள் 2001 முதல் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கிறது. 2022 பிப்ரவரி முதல் சில மாதங்கள் இந்தியாவில் அதன் இணையதளம் முடக்கப்பட்டிருந்தது. நவம்பரில்தான் தடை நீங்கியது. நம் நினைவுகளைத் திறக்கும் சாவி பிறர் கையில் இருக்கலாகாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் நமக்குக் கிடைக்கவில்லை. ஏடுகளைக் கரையான் தின்றதற்காக நம் முன்னோரைக் குறை சொல்லி மேடைகளில் பேசுகிறோம். ஆனால் தி.நகரிலும் அடையாறிலும் எத்தனை பீரோக்களில் எழுத்தாளர்களின் பேச்சுகளும் கச்சேரிகளும் வீட்டுப் பெரியவர்களின் குரல்களும் பதிவுசெய்த தகடுகள் கிடக்கின்றன! வெயிலும் கடற்கரை ஈரமும் அவற்றின் சாயப்படலத்தைச் சிறிது சிறிதாக அரித்துக்கொண்டிருக்கின்றன. புதிய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் தகடு போடும் இடமே கிடையாது. சபாக்களும் இலக்கிய அமைப்புகளும் கல்லூரித் தமிழ்த்துறைகளும் தம்மிடமுள்ள தகடுகளைக் கணக்கெடுத்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு படிகளை வெவ்வேறு இடங்களில் வைக்க வேண்டும். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. ஒரு பழைய டிரைவும் ஒரு வன்தட்டும் பொறுமையுள்ள ஒரு மாணவரும் போதும்.

நண்பர் ஒருவரின் பழைய கணினியில் என் ஆசிரியரின் பேச்சு ஏறக்குறைய முழுவதுமாகப் படிக்கப்பட்டது. பதினொரு நொடிகள் மட்டும் மீளவில்லை. அந்தக் கையை உயர்த்தி அவர் என்ன சொன்னார் என்று அன்று முன்வரிசையில் அமர்ந்திருந்த எனக்கும் நினைவில்லை. ஐந்தாண்டுகளுக்கு முன்பே படி எடுத்திருந்தால் அதுவும் கிடைத்திருக்கலாம்.