ஹேக்கத்தானும் பகுத்தறிவும்

சில வருஷ காலமாக நமது காலேஜுகளில் ‘ஹேக்கத்தான்’ என்கின்ற பெயரால் ஒருவிதப் போட்டி நடந்து வருகிறது. மாணவர்கள் சிலர் கூட்டாகச் சேர்ந்து, தங்களுக்குக் கொடுக்கப்பட்ட ஒரு பிரச்சினைக்குக் கம்ப்யூட்டர் மூலம் வழி கண்டு காட்ட வேண்டும். நன்றாய்ச் செய்தவர்களுக்குப் பரிசு. இந்திய சர்க்கார் 2017 முதல் ‘ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான்’ என்று இதை நாடு முழுவதும் நடத்துகிறார்கள். தமிழ்நாடு சர்க்காரும், 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் கீழ், ‘நிரல் திருவிழா’ என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். திருவிழா என்ற பெயரைக் கேட்டவுடன் நமது தோழர்கள் சிலர் முகத்தைச் சுளிக்கக்கூடும். தேரும் தீவட்டியும் தட்சிணையும் இல்லாமல், வாலிபர்கள் தங்கள் மூளையைச் செலவழிக்கின்ற திருவிழா ஒன்று இந்நாட்டில் உண்டாகுமானால், அதைப் பற்றி நமக்கு ஆட்சேபணை இல்லை. பெயரை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருவோம்.

நமது அபிப்பிராயம் இதுதான். இப்படிப்பட்ட போட்டிகளை ஓர் இரவு, இரண்டு இரவில் முடிக்காமல் பல வார காலம் நடத்த வேண்டும். சர்க்கார் வெளியிட்டிருக்கிற பொதுக் கணக்குகளையே அதற்குப் பொருளாகக் கொடுக்க வேண்டும். கண்ட முடிவைப் பொதுஜனங்கள் முன் வைத்து, யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்க விட வேண்டும். இம்மூன்றும் இல்லாவிட்டால் அது வெறும் வேடிக்கையே தவிர, கல்வியாகாது.

பொதுக் கணக்கு என்றால் என்ன? மழை எவ்வளவு பெய்தது, ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, எந்த வார்டில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள், எந்தப் பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை வாத்தியார்கள், எந்தத் தெருவின் மழைநீர்க் கால்வாய்க்கு எவ்வளவு ரூபாய் செலவாயிற்று என்பவைகளே பொதுக் கணக்கு. இவைகளை எண்ணி எழுதுகிறவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது யார்? சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் வரி கொடுக்கின்ற ஏழைதான். அப்படியிருக்க, வேதத்தைச் சூத்திரன் காதாலும் கேட்கக்கூடாது என்று வைத்திருந்ததைப் போலவே, கணக்குகளை ஆபீசு பீரோக்களில் பூட்டி வைத்துக்கொண்டு, கேட்டவனை விரோதியாகப் பார்க்கிற வழக்கம் நெடுங்காலம் இருந்து வந்தது. 1997-இல் நமது சட்டசபை தகவல் உரிமைக்கென்று ஒரு சட்டம் செய்தது. 2005-இல் இந்தியா முழுவதற்கும் அது வந்தது. 2012-இல், ஒருவர் கேட்கும் வரை காத்திராமல் சர்க்காரே கணக்குகளை வெளியிட வேண்டும் என்ற கொள்கையும், அதற்கென்று ஓர் இணையதளமும் ஏற்பட்டன. பூட்டுத் திறந்தாயிற்று. ஆனால் திறந்த வீட்டிற்குள் நுழைந்து பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

“சுயமரியாதைக்காரனுக்கும் புள்ளிக் கணக்குக்கும் என்ன சம்பந்தம்?” என்று சிலர் கேட்கலாம். தியாகராய நகருக்குப் போகிறவர்கள் புடவைக் கடையையும் நகைக் கடையையும் தேடிப் போகிறார்களே ஒழிய, அந்த நகர் யார் பெயரால் நிற்கிறது என்று நினைப்பவர் குறைவு. 1916 டிசம்பரில் சர் பிட்டி தியாகராயர் வெளியிட்ட பார்ப்பனரல்லாதார் அறிக்கையில் என்ன இருந்தது? வசவு இருந்ததா? சாபம் இருந்ததா? கணக்கு இருந்தது. இந்த மாகாணத்தின் ஜனங்கள் 4 கோடியே 15 லட்சம். அவர்களில் பார்ப்பனரல்லாதார் 4 கோடிக்குக் குறையாதவர்கள். ஆனால் 1892 முதல் 1904 வரை மாகாண சிவில் சர்வீசுப் போட்டிப் பரீட்சையில் தேறிய 16 பேரில் 15 பேர் பார்ப்பனர். 140 டிப்டி கலெக்டர்களில் 77 பேர் பார்ப்பனர். 128 ஜில்லா முன்சீப்புகளில் 93 பேர் பார்ப்பனர். இவைகள் 1913-இல் சர் அலெக்சாண்டர் கார்டியூ என்ற வெள்ளைக்கார அதிகாரி கமிஷன் முன் சாட்சியமாகச் சொன்ன சர்க்கார் கணக்குகளே. வெறும் கூச்சல் போட்டிருந்தால் எதிர்க்கூச்சல் போட்டு அமுக்கியிருப்பார்கள். கணக்கை எடுத்துப் போட்டதால் பதில் சொல்ல வழியில்லாமல் போயிற்று. 1921-இல் பனகல் அரசர் மந்திரிசபை பிறப்பித்த முதல் வகுப்புவாரி உத்தரவுக்கு அடிப்படை போட்டது இந்தக் கணக்குத்தான். ஆகவே பொதுக் கணக்கை எடுத்துப் பேசுவது நமக்குப் புதிதல்ல. நமது இயக்கத்தின் தாய்ப்பாலே அதுதான்.

நிற்க. இன்றையப் போட்டிகளில் பெரும்பாலானவற்றின் முறை என்ன? இந்திய சர்க்கார் நடத்துகிற போட்டியின் கடைசிச் சுற்றில், கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிற பிரிவுக்கு 36 மணி நேரம் விடாமல் வேலை. சிவராத்திரிக்கும் வைகுண்ட ஏகாதசிக்கும் கண் விழித்தால் மோட்சம் என்று சொல்லி வந்த நாட்டில், கம்ப்யூட்டர் முன் கண் விழித்தால் அறிவு உண்டாகும் என்று இப்போது சொல்லுகிறார்கள் போலும்! தூங்காதவன் வேகமாய் எதையாவது செய்து காட்டலாம். செய்தது சரியா என்று சோதிக்க அவனால் முடியாது. சோதிக்காத முடிவு சாஸ்திரத்துக்குச் சமானம். அதனால்தான் வாரக் கணக்கில் நடத்த வேண்டும் என்கிறோம்.

ஆறு வாரம் என்று வைத்துக்கொள்வோம். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பக்கங்களில் உள்ள காலேஜு மாணவர்கள் ஒன்றுகூடட்டும். கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் எல்லோருக்கும் எட்டுகிற இடத்தில் இருக்கிறது. முதல் வாரம் கம்ப்யூட்டரைத் தொடவே கூடாது. கேள்வியை மாத்திரம் தீர்மானிக்க வேண்டும். இரண்டாவது வாரம் கணக்கைச் சேகரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். இது சில்லறை வேலையல்ல. ஒரு கணக்கில் மயிலாப்பூர், இன்னொன்றில் மைலாப்பூர், மூன்றாவதில் மயிலை என்றிருந்தால், கம்ப்யூட்டர் மூன்று ஊர் என்று நினைக்கும். மழையைக் காலை 8.30 மணி முதல் மறுநாள் காலை 8.30 மணி வரைக்கும் சேர்த்து அளக்கிறார்கள் என்பதை அறியாதவன் தேதியைத் தப்பாக ஒட்டினால், மழைக்கு முந்தியே வெள்ளம் வந்துவிடும்! மூன்றாவது வாரம் தெருவில் இறங்கி நடந்து, காகிதத்தில் உள்ளது தரையிலும் உள்ளதா என்று பார்க்க வேண்டும். நாலாவது வாரம் கணக்கிட வேண்டும். ஐந்தாவது வாரம் ஒரு கூட்டத்தார் வேலையை இன்னொரு கூட்டத்தாரிடம் கொடுத்து, குற்றம் கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். ஆறாவது வாரம் பொதுக்கூட்டம்.

கேள்விக்குப் பஞ்சம் உண்டா? தியாகராய நகரையே எடுத்துக்கொள்ளலாம். 1920-களில் அந்த நகர் உண்டானதே ‘லாங் டாங்க்’ என்று வெள்ளைக்காரர் அழைத்த நீண்ட ஏரியை வற்றச் செய்துதான். அந்த ஏரி இருந்த பழைய பூகோள படத்தையும் இப்போது தண்ணீர் தேங்குகிற தெருக்களின் பட்டியலையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், தேங்குவது தெய்வ கோபமா, தரையின் பள்ளமா, மாம்பலம் கால்வாயின் அடைப்பா என்பது தெரிந்து போகும்.

பஞ்சாங்கத்தையும் எடுத்துக்கொள்ளலாம். சித்திரைப் பிறப்பன்று கோயில்களில் பஞ்சாங்கம் படித்து, இந்த வருஷம் இத்தனை மரக்கால் மழை, கடலில் இத்தனை பங்கு, மலையில் இத்தனை பங்கு என்று சொல்லுகிறார்கள். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் ஏற்பட்ட வான ஆராய்ச்சி நிலையத்தின் வழிவந்த அளவுகளோ நூறு வருஷத்திற்கு மேலாக இருக்கின்றன. 1918 நவம்பரில் சென்னையில் பெய்தது 1,088 மில்லிமீட்டர். 2015 நவம்பரில் 1,049 மில்லிமீட்டர். இருபது வருஷத்துப் பஞ்சாங்கங்களையும் இருபது வருஷத்து மழையளவையும் பக்கம் பக்கமாக வைத்து, ஒரு காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பதைவிடப் பஞ்சாங்கம் எவ்வளவு மேல் என்று மாணவர்கள் கணக்கிட்டுச் சொல்லட்டும். பஞ்சாங்கம் ஜெயித்தால் நாமே அதை அச்சுப் போட்டு விற்கிறோம்.

2019-ஆம் வருஷத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் நிறைந்தால் 11,257 மில்லியன் கன அடி தண்ணீர் பிடிக்கும். முந்தின வருஷத்து வடகிழக்குப் பருவமழை குறைந்தது. அந்த ஜூனில் நான்கும் ஏறக்குறைய வறண்டன. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்தது. இதற்கிடையில் நடந்தது என்ன? அறநிலையத் துறையார் மழைக்காக யாகமும் ஜபமும் செய்யும்படி கோயில்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார்கள். ஜூனில் ஆளும் கட்சியாரும் ஊருக்கு ஊர் யாகம் செய்தார்கள். ஏரிகளின் அளவைக் குடிநீர் வாரியம் நாள்தோறும் வெளியிட்டுக்கொண்டுதான் இருந்தது. பருவமழை குறைந்த அன்றே அந்த அளவுகளைப் பார்த்து, இத்தனை மாதத்தில் வற்றும் என்று ஒரு காலேஜு மாணவன் கூட்டிக் கழித்துச் சொல்லியிருக்கலாமே! ஓமகுண்டத்தில் நெய்யைக் கொட்டுவதற்கு முன் பார்த்திருக்க வேண்டியது அந்தப் பட்டியலையல்லவா?

வெள்ளத்தின் கதையும் அப்படியே. 2015 டிசம்பர் முதல் வாரம் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டதில் அடையாற்றங்கரை முழுகியது. விதி என்றார்கள் சிலர். 2018-இல் சட்டசபையில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கையோ, ஏரிக் கணக்குகளைப் பார்த்து, இது மனிதர் செய்த அழிவு என்றது. அந்த வெள்ளத்தின்போதே, எல்லோருக்கும் பொதுவான ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’ என்ற பூகோள படத்தை வைத்து, தண்ணீர் புகுந்த தெருக்களை ஜனங்களே ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். யாரும் உத்தரவிடாமல் சில நாளில் நடந்த காரியம் அது. ஆற அமர ஆறு வாரம் கொடுத்தால் வாலிபர்கள் என்னதான் செய்யமாட்டார்கள்?

கோயில் சொத்தும் இருக்கிறது. பனகல் அரசர் காலத்தில் 1925-இல் தேவஸ்தானச் சட்டம் வந்தபோது, மதம் போச்சு என்று கூக்குரலிட்டவர்கள் உண்டு. 2021 ஜூனில், 3 லட்சத்து 43 ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட கோயில் நிலங்களின் பத்திர விவரங்கள் இணையத்தில் ஏற்றப்பட்டன. சாமி பெயரில் உள்ள நிலத்தை ஆசாமிகள் எவ்வளவு அனுபவிக்கிறார்கள் என்பதைக் கணக்கிடுவது எந்த நாஸ்திகப் பிரசாரத்தைவிடவும் ஜனங்களுக்கு உறைக்கும்.

இனி, யாரை இதில் சேர்ப்பது என்ற முக்கியமான விஷயம். பெரிய தொழிற்கல்விக் கூடத்து மாணவர்களும், இங்கிலீஷில் சரளமாய்ப் பேசுகிறவர்களும், சொந்த லாப்டாப் உள்ளவர்களும் மாத்திரம் வந்து பரிசைப் பங்கு போட்டுக்கொள்வதானால், பழைய அக்கிரகாரத்துக்குப் புது வர்ணம் அடித்ததாகவே முடியும். ராணி மேரி காலேஜுப் பெண்கள் வர வேண்டும். நந்தனம் அரசு கலைக் காலேஜுப் பையன்கள் வர வேண்டும். சரித்திரமும் தமிழும் படிக்கிறவர்கள் வர வேண்டும். எந்தத் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும் என்பது ஆற்றோரக் குடிசைப் பிள்ளைக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு கூட்டத்திலும் பாதிப் பேர் பெண்கள் என்றும், பேச்சும் எழுத்தும் தமிழில் என்றும் விதி செய்ய வேண்டும். லாப்டாப் இல்லாதவர்களுக்கு நடத்துகிறவர்கள் கொடுக்க வேண்டும். மாலையில் வேலைக்குப் போய்ப் படிக்கிறவன் 36 மணி நேரம் தொடர்ந்து உட்கார முடியாது. வாரத்தில் ஒரு நாள் என்றால் அவனும் வருவான். வாரக் கணக்கு வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

“சர்க்கார் கணக்கு மாத்திரம் யோக்கியமா? அதிலும் புரட்டு இருக்காதா?” என்று ஒரு ஆட்சேபணை வரும். இருக்கும். அதனால்தான் மூன்றாவது வாரம் தெருவில் நடக்கச் சொல்லுகிறோம். கணக்கைப் பூசிக்கச் சொல்லவில்லை, சோதிக்கச் சொல்லுகிறோம். இப்போது செயற்கை அறிவு என்று ஒன்று வந்திருக்கிறது. கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்லுகிறது. தெரியாததையும் தெரிந்ததுபோலச் சொல்லிவிடுகிறது. ‘சாஸ்திரம் சொல்லிற்று’ என்று தலையாட்டின தாத்தாவுக்கும், ‘கம்ப்யூட்டர் சொல்லிற்று’ என்று தலையாட்டுகிற பேரனுக்கும் என்ன வித்தியாசம்? எந்த முடிவுக்கும் எந்தக் கணக்கிலிருந்து, எந்த வழியில் வந்தது என்று காட்டாதவனுக்குப் பரிசு கிடையாது என்று வைத்துவிட வேண்டும்.

எண்ணப்படாததையும் கேட்க வேண்டும். எண்ணி முழுதாக வெளியிட்ட கடைசி ஜாதிக் கணக்கு 1931-ஆம் வருஷத்தினது. மண்டல் கமிஷன் பிற்படுத்தப்பட்டோர் 52 சதம் என்று சொன்னது அந்தப் பழங் கணக்கை வைத்துத்தான். 2021-இல் எடுத்திருக்க வேண்டிய ஜனத்தொகைக் கணக்கு தள்ளிக்கொண்டே போய், 2027-இல் ஜாதிக் கணக்கோடு சேர்த்து எடுப்பதாக அறிவித்தார்கள். எண்ணப்படாதவனுக்குப் பங்கு கேட்க வாய் இராது. எந்தக் கணக்கு இல்லை, ஏன் இல்லை என்று பட்டியல் போடுவதும் இப்போட்டியில் பரிசுக்குரிய வேலையாக இருக்க வேண்டும்.

கடைசியாக, பரிசு கொடுத்துப் போட்டோ பிடித்துக்கொண்டதும் எல்லாம் மறந்து போவது இந்நாட்டு வழக்கம். அது கூடாது. பனகல் பார்க்குப் பக்கத்தில் பொதுக்கூட்டம் போட்டு, மாணவர்கள் தங்கள் முடிவைத் தெருவில் போகிறவருக்கும் விளங்கும்படி சொல்ல வேண்டும். பூக்காரியும் ஆட்டோக்காரரும் கேள்வி கேட்க வேண்டும். சம்பந்தப்பட்ட ஆபீசார், மாணவர்கள் சொன்னதில் எது சரி, எது தப்பு, எதைச் செய்யப் போகிறோம் என்று எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் கேட்டு வாங்கத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

ஆகவே வாலிபத் தோழர்களே, காலேஜு உபாத்தியாயர்களே! பட்டணத்தில் உள்ள நமது சங்கங்களும் படிப்பகங்களும் இக்காரியத்தைக் கையில் எடுத்துக்கொள்ளட்டும். பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக எதையும் நம்பாதே என்று நாம் இத்தனை காலம் சொல்லி வந்தோம். நம்பாதே என்று சொன்னால் மாத்திரம் போதாது. எண்ணிப் பார்ப்பதற்குக் கருவியும் கையில் கொடுக்க வேண்டும். கருவி இப்போது தெருவில் கிடக்கிறது. குனிந்து எடுக்க ஆள் வேண்டும்.