ஞாயிறும் தேவசகாயமும்

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்து ஊரான நட்டாலத்தில் 1712-ல் பிறந்தவர் தேவசகாயம். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் தன் கிறிஸ்தவ நம்பிக்கைக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் புனிதரானார். அவர் திருநாளான ஜனவரி 14, 2024-ல் ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. 2029-லும் அப்படியே வரும். அன்று திருப்பலியில் எந்தத் தொடக்க மன்றாட்டைச் சொல்வது, ஞாயிறுக்கான பச்சை உடையா மறைச்சாட்சிக்கான சிவப்பு உடையா என்ற கேள்வி நம் பங்குகளில் எழத்தான் செய்யும். (மலங்கரை முறைக் கத்தோலிக்கருக்கு நாள்காட்டியே வேறு, நான் சொல்வது லத்தீன் முறையை.) திருவழிபாட்டு ஆண்டு பற்றிய 1969-ன் விதி தெளிவானது. பெருவிழா, விழா, நினைவு எனப் படிகள் உண்டு. புனிதரின் நினைவு ஞாயிற்றுக்கிழமைக்கு வழிவிட வேண்டும். ஆனால் அவர் பெயரால் நேர்ந்தளிக்கப்பட்ட கோவிலில் அந்நாள் பெருவிழா. அங்கே பொதுக்கால ஞாயிறு ஒதுங்கும், சிவப்பு உடையே சரி. மற்றப் பங்குகளில் "நம்ம ஊர் புனிதராச்சே" என்று இரண்டு மன்றாட்டுகளையும் சேர்த்துச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு திருப்பலிக்கு ஒரே தொடக்க மன்றாட்டு. ஆண்டவரின் உயிர்ப்பு நாளை ஓரம் தள்ளுவதை, அந்த ஆண்டவருக்காகவே உயிரைக் கொடுத்தவர் விரும்பமாட்டார். ஆண்டவரின் பிறப்பு கன்னி மரியாவுக்கு அறிவிக்கப்பட்ட பெருவிழாவே 2024-ல் புனித வாரத்தில் விழுந்ததால் ஏப்ரல் 8-க்குப் போனதே! மறையுரையிலும் விசுவாசிகள் மன்றாட்டிலும் தேவசகாயத்தை நிறைவாக நினைக்கலாம். பங்குத்தந்தையரும் வழிபாட்டுக் குழுவினரும் டிசம்பரிலேயே மறைமாவட்ட நாள்காட்டியைப் பார்த்து முடிவு செய்துவிடுங்கள்.