படர்தாமரைக்கு மருத்துவர் யார்?

இன்று கொஞ்சம் கூச்சமான விஷயம்: படர்தாமரை.

விழுப்புரமோ திண்டிவனமோ, இதற்கு முதல் மருத்துவர் மருந்துக்கடைக்காரர்தான். “அரிக்குது, ஒரு டியூப் குடுங்க” என்றால் போதும். கைக்கு வருவது பெரும்பாலும் கூட்டுக் களிம்பு. பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே குளோபெட்டாசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு. இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். “நல்ல மருந்துப்பா” என்று பக்கத்து வீட்டுக்கும் சிபாரிசு போகும். ஆனால் ஸ்டீராய்டு அரிப்போடு தோலின் எதிர்ப்பையும் சேர்த்தே அடக்கிவிடுகிறது. பூஞ்சைக்குக் கொண்டாட்டம். டியூப் தீர்ந்ததும், காசளவு இருந்தது தட்டளவாகத் திரும்பி வரும்.

ஒருவருடைய தொல்லையோடு இது நின்றிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். நம் நாட்டில் பரவிக் கிடக்கும் இந்தப் பூஞ்சைக்கு 2020இல் ‘ட்ரைக்கோபைட்டன் இண்டோட்டினியே’ என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே இந்தியா இருக்கிறது, பெருமைப்பட ஒன்றுமில்லை. பூஞ்சை தன் செல்லின் சவ்வைக் கட்ட ஒரு நொதி வேண்டும். டெர்பினாஃபைன் மாத்திரை அந்த நொதியைத்தான் முடக்கும். இந்த வகையில் பலவற்றில் நொதியின் வடிவமே மாறிவிட்டது, மாத்திரை பிடிப்பதில்லை. நாளும் அளவும் பார்க்காமல் பூசியதும் விழுங்கியதும் இதற்கு முக்கியக் காரணம் என்கிறார்கள் தோல் மருத்துவர்கள். 2023இல் நியூயார்க்கில் இருவருக்கு இது வந்ததாக அமெரிக்க அரசு அறிவித்தது. அதில் ஒருவர் அண்மையில் வெளிநாடே போகாதவர்.

2018இல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகளை அட்டவணை ‘எச்’-இல் சேர்த்து, சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்றது. சொன்னதோடு சரி.

கடைக்காரரை மட்டும் திட்ட எனக்கு மனமில்லை. கரும்பு வெட்டுகிறவர் காலையில் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியில் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. டியூப் அதைவிட மலிவு. வாரத்தில் ஒரு மாலையாவது திண்டிவனம் அரசு மருத்துவமனையில் தோல் மருத்துவர் உட்காரட்டும். மருந்து ஆய்வாளர்கள் கடைகளில் இந்தக் களிம்புக்கான சீட்டு எங்கே என்று கேட்கட்டும். ஒன்றை விட்டு மற்றதைச் செய்தால், கடைக்குப் பின்வாசல் வழியாக வியாபாரம் நடக்கும், அவ்வளவுதான்.

அதுவரை நம் கையில் இருப்பது கொஞ்சம். அரிப்பு நின்றாலும் மருத்துவர் சொன்ன நாள்வரை மருந்தை நிறுத்தாதீர்கள். வீட்டில் யாருக்கெல்லாம் இருக்கிறதோ எல்லோரும் சேர்ந்தே காட்டுங்கள், ஆளுக்கொரு துண்டு வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது இதுவரை பூசிய டியூப்களையும் மறைக்காமல் கையோடு எடுத்துப் போங்கள். எதைப் பூசினீர்கள் என்று தெரிந்தால்தான் மருத்துவர் அடுத்த மருந்தை முடிவு செய்ய முடியும்.